பூச்சி இல்லை, எறா வகை

சிதம்பரத்தில் என்னை வீட்டைக் காலி பண்ணச் சொன்ன அன்று, அந்த ஹாலில் நின்ற நான்கு பேரில் சரியான தகவலைச் சொன்னது நான் ஒருத்திதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் யார் இந்தக் கதையைச் சொன்னாலும் என்னை முட்டாளாக்கித்தான் முடிக்கிறார்கள். நான் முட்டாள்தான், மறுக்கவில்லை. ஆனால் தகவல் சரி.

2009ஆம் வருஷம். எனக்கு இருபத்துநான்கு வயது. சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் டீச்சர். சொந்த வீடு கடலூர் முதுநகரில். தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, நின்றுகொண்டே பாடம் நடத்தி, நின்றுகொண்டே திரும்பிப் போவேன். சிதம்பரத்திலேயே ரூம் எடுத்துத் தங்குகிறேன் என்று அப்பாவிடம் ஒரு வருஷம் கெஞ்சினேன். அவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். பிரச்சினை என்று ஒரே ஒரு போன் வந்தாலும் நான் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வந்த மறுநாளே அவர் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஆகவே அந்த மாடி அறையை நான் எவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அறை கிடைத்தது கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில். வீட்டுக்கார அம்மா கண்டிப்பானவர், ஆனால் மனசு நல்ல மனசு. சனிக்கிழமை தவறாமல் மாடிக்கு வத்தக்குழம்பு வரும். சுத்த சைவக் குடும்பம். மேலே கவிச்சி சமைக்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவர்கள் போட்ட கட்டளை. நான் சமைக்கவில்லை. வெளியே போயும் மீனோ, எறா என்று நாங்கள் சொல்லும் இறாலோ சாப்பிடவில்லை. (மீன்பிடித் துறைமுகத்துப் பக்கத்தில் வளர்ந்த முதுநகர்க்காரி ஒருத்திக்கு இது எவ்வளவு பெரிய தியாகம் என்று முதுநகர்க்காரர்களுக்குத்தான் புரியும்.)

என்னிடம் இருந்தது ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதில் தேங்காய் நார்த் தூள், காய்ந்த பாதாம் இலை, இரண்டு துண்டு மரப்பட்டை, கடற்கரையில் பொறுக்கிய ஒரு கணவாய் ஓடு. பட்டைக்கு அடியில் முப்பத்தொரு ஐசோபாட். தோட்டத்துச் செங்கல்லைப் புரட்டினால் கீழே சாம்பல் நிறத்தில் ஓடுமே, தொட்டால் சுருண்டு உருண்டையாகிவிடுமே, அந்த ஜாதிதான். ஆனால் என்னுடையவை சாதாரண சாம்பல் நிறம் இல்லை. நல்ல கறுப்பு, ஓரத்தில் ஆரஞ்சுக் கரை, முதுகில் இரண்டு வெள்ளைப் பொட்டு. மேல்பட்டாம்பாக்கத்தில் தோழி வீட்டுத் தோப்பில், மட்கிப்போன கட்டைக்கு அடியில் கிடைத்தவை. போட்டோ எடுத்து, நெட் சென்டரில் உட்கார்ந்து, உலகம் முழுக்க இதை வளர்க்கிறவர்கள் கூடிப் பேசும் ஒரு தளத்தில் போட்டேன். ஜெர்மனிக்காரர் ஒருவர், தான் இருபது வருஷமாக வளர்ப்பதாகவும் இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்றும் பதில் எழுதினார். அன்று நெட் சென்டரிலிருந்து அறைக்கு எப்படி வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. பறந்துதான் வந்திருப்பேன்.

வளர்த்து என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. கூப்பிட்டால் வராது. பகல் முழுக்கப் பட்டைக்கு அடியில் பதுங்கிக் கிடக்கும். பட்டையைத் தூக்கினால் முப்பத்தொன்றும் முப்பத்தொரு திசையில் ஓடும். வாலாட்டிக்கொண்டு வருகிற பிராணியை யார் வேண்டுமானாலும் நேசிக்கலாம். என்னைக் கண்டு ஓடி ஒளிகிறதை நேசிப்பதற்கு ஒரு கெத்து வேண்டும் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனித் தேருக்கு முதல் நாள் வீட்டுக்கார அம்மாவின் நாத்தனார் மாயவரத்திலிருந்து வந்தார். கீழே இடம் போதவில்லை, அவர் பையை உங்கள் ரூமில் வைத்துக்கொள்ளட்டுமா என்று காலையில் கேட்டார்கள். தாராளமாக என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன். டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. (முட்டாள் என்று ஒப்புக்கொண்டேனே, அது இந்த இடம்.)

நாத்தனார் என் மேஜையில் இருந்த டப்பாவை ஏதோ பலகாரம் என்று நினைத்துத் திறந்திருக்கிறார். உள்ளே சருகு. முகம் சுளித்து மூடியை அரைகுறையாக வைத்துவிட்டு, பக்கத்திலேயே தன் மல்லிகைப்பூப் பொட்டலத்தை வைத்திருக்கிறார். வாழை இலையில் சுற்றி, மேலே ஈரத்துணி போட்ட பொட்டலம். இருட்டு, ஈரம், குளிர்ச்சி. என் பிள்ளைகள் வேறு என்ன செய்யும்?

சாயங்காலம் நான் வரும்போது ஹாலில் வீட்டுக்கார ஐயா, அம்மா, நாத்தனார் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். தரையில் பிரித்த பூப்பொட்டலம், பக்கத்தில் என் டப்பா. சாமிக்கு எடுத்துவைத்தது போக, பெண்கள் இரண்டு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் தலையில் வைத்துக்கொண்ட பிறகுதான் பூவுக்குள் ஏதோ ஊர்வதைப் பார்த்திருக்கிறார்கள். நாத்தனார் அழுகிற நிலையில் இருந்தார்.

வீட்டுக்கார ஐயா ரொம்ப சாது. அவரே எனக்கு ஒரு வழி செய்து கொடுத்தார். “பூச்சிங்கதான? பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குக் காட்றதுக்கு வெச்சிருப்பாங்க. டப்பாவ மூடி வெளில வெச்சிருங்கம்மா, முடிஞ்சிது” என்றார்.

ஆமாம் சார் என்று சொல்லியிருந்தால் போதும். இரண்டே வார்த்தை.

“பூச்சி இல்லீங்க சார்” என்றேன்.

பிறகு விளக்கினேன். பூச்சிக்கு மூன்று ஜோடிக் கால், இதற்கு ஏழு ஜோடி. பூச்சி மூச்சு விடுகிற விதம் வேறு, இது செவுள் மாதிரி ஒன்றால் மூச்சு விடுகிறது. சந்தேகம் இருந்தால் எண்ணிப் பார்க்கலாம் என்று பூவிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டவும் செய்தேன். யாரும் எண்ண முன்வரவில்லை.

“பூச்சி இல்லன்னா என்னாதான் டீச்சர் அது?” என்றார் வீட்டுக்கார அம்மா.

“எறா, நண்டு வகைங்க. எறாவுக்குச் சொந்தம்.”

நாத்தனார் மெதுவாகத் தன் தலையில் இருந்த பூவைப் பிய்த்துக் கீழே போட்டார். “சாமிக்குன்னு வாங்கியாந்த பூவு” என்று மட்டும் சொன்னார்.

அது என்ன தின்னும் என்று அடுத்த கேள்வி. உயிரியல் டீச்சர் பொய் சொல்லலாமா? சருகு தின்னும், வாரத்துக்கு ஒரு நாள் மிளகளவு நெத்திலிக் கருவாடு தின்னும் என்றேன். சமைத்துப் போடுவதில்லை, பச்சையாகத்தான் தின்கிறது, ஆகவே நான் கொடுத்த வாக்கை மீறவில்லை என்றும் வாதாடினேன்.

பேசிக்கொண்டே பூவிலும் டப்பாவிலும் தேடி எண்ணிப் பார்த்ததில் முப்பது கிடைத்துவிட்டது. ஒன்று குறைந்தது. நிமிர்ந்து பார்த்தால், வீட்டுக்கார அம்மாவின் கொண்டையில், மல்லிகைச் சரத்துக்குக் கீழே, கறுப்பு மணி போல உருண்டு உட்கார்ந்திருக்கிறது. அவர் அந்த நேரத்தில் தேர் முடிந்ததும் நான் காலி பண்ணிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டியபடியே எக்கி அதை எடுத்துக்கொண்டேன். அவர் பேச்சை நிறுத்தி என் உள்ளங்கையைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். “தேரு வரைக்கும் வேணாம் டீச்சர். இன்னிக்கே கெளம்பிடுங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அப்பாவுக்குப் போன் போனது. அடுத்த பஸ்ஸில் வந்தார். வீட்டுக்காரர்களிடம் நாலு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு என் பெட்டியைத் தூக்கினார். பஸ் நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவை வாங்கி மடியில் வைத்துப் பட்டையைத் தூக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துபோனேன், சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஒரு வருசமா ஒரு எறாகூடத் தின்னாம இருந்துட்டு, எறாவுக்காவத் தொரத்திவுட்டுட்டாங்களா ஒன்ன” என்றார்.

நான் கடலூருக்கு வர மாட்டேன் என்றேன். பொய் சொல்லாததற்காகக் கல்யாணம் பண்ணிக்கொள்ள முடியாது என்றேன். அவர் மறுபடி டப்பாவைப் பார்த்தார். கடலூர் பஸ் வந்து நின்று கிளம்பிப் போனது, அவர் எழுந்திருக்கவில்லை. கடைசியில் இரண்டு பேரும் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கீரப்பாளையத்துக்குப் போனோம். அங்கே ஒரு உரக்கடைக்கு மேல் ரூம் இருப்பதாகப் பள்ளியில் ஒரு டீச்சர் சொல்லியிருந்தார். கடைக்காரரிடம் நானே முந்திக்கொண்டு டப்பாவைத் திறந்து காட்டி, எறா வகை என்று சொல்லிவிட்டேன். அவர் தின்ன முடியுமா என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது இன்டர்வியூவுக்கோ பாஸ்போர்ட் விசாரணைக்கோ கிளம்பினால், “எறான்னு மட்டும் சொல்லிடாத” என்றுதான் வழியனுப்புவார்கள். கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டு வா என்று அர்த்தம். கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரரும் அதைப் பிடித்துக்கொண்டார்.

போன மாதம் என் மகள் அறிவியல் தேர்வில், ஐந்து பூச்சிகளின் பெயர் எழுதுக என்ற கேள்விக்கு, எறும்பு, ஈ, கொசு, வண்டு, ஐசோபாட் என்று எழுதியிருந்தாள். முழு மதிப்பெண். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய், ஏழு ஜோடிக் காலைப் பற்றி விளக்கி, அதில் ஒரு மதிப்பெண்ணைக் குறைக்க வைத்துவிட்டு வந்தேன். மகள் இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே டப்பாவைத் திறந்து, ஒன்றைப் பிடித்துக் கவிழ்த்துப் போட்டு, கால்களை எண்ண ஆரம்பித்தாள்.