அடுப்படியில் ஏறிய கோடு

"எம் வூட்டு அடுப்படில எதுக்குடி ஏரியத் தொறந்து வுட்டே?"

ருக்கு போட்ட சத்தத்தில், ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் ஆதார் கார்டை மெஷினுக்குள்ளேயே விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கத் திரும்பினார்கள். பழவேற்காடு கடைத்தெருவில் காலை பத்து மணிக்கு இதைவிட நல்ல சண்டை கிடைக்காது.

"கத்தாத அத்தே. அது ஏரி இல்ல, கோடு" என்றாள் ஜமுனா.

"கோடா? நல்லாப் பாருடி! அல எங்க வந்து அடிக்குது? எம் அடுப்பு, எம் அம்மி, எல்லாம் தண்ணிக்குள்ள கீது. இதக் கொண்டுபோய் ஆபீஸ்ல குடுத்தா, 'ஏம்மா, நீ மீனா மனுஷியா'ன்னு கேக்கறான்!"

கேட்டது உண்மைதான். ஏரிக்கு அக்கரையில், பசியாவரத்தில் ருக்குவுக்கு இருப்பது ஓலைக்குடிசை. அதை எடுத்துவிட்டுக் கல்வீடு கட்ட அரசாங்கத்து உதவி வந்திருந்தது. பிளான் கொடுக்க வேண்டும். அதில் ஏரித்தண்ணீர் எதுவரை ஏறும் என்று கோடு போட்டுக் காட்ட வேண்டும். அந்தக் கோடு வீட்டைத் தொடக் கூடாது. கார்த்திகை முடிவதற்குள் பிளான் பாஸானால் உதவி. இல்லாவிட்டால் இந்த வருஷம் இல்லை.

உதவி போனால் போகட்டும், கல்யாணத்தையும் அதோடு கட்டிப்போட்டிருந்ததுதான் சிக்கல். ருக்குவின் ஒரே மகன் பிரவீனுக்கு தேசப்பன் மகள் சத்யாவைப் பேசியிருந்தார்கள். தேசப்பன் ஊர்ப் பெரிய ஆள். "பிளான் பாஸானா தையில தாலி. ஓலைக்குள்ள எம் பொண்ண அனுப்ப மாட்டேன்" என்று ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தான். புருஷன் போனபின், இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடித்து மகனை வளர்த்தவள் ருக்கு. விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துக் கிடக்கும். அந்தக் கையால் ஒரு மருமகளுக்குக் குத்துவிளக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. பேராசை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஜமுனா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். டிப்ளமோ படித்தவள், பொன்னேரியில் ஒரு டிராயிங் ஆபீஸில் மூன்று வருஷம் வேலை செய்துவிட்டு வந்து சொந்தமாகக் கடை போட்டவள். பிளான், ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் ஒரே கூரைக்கடியில்.

"கம்ப்யூட்டர்ல இருக்கற கோடெல்லாம் வெறும் கோடு, புள்ளி, அவ்ளோதான் அத்தே. தண்ணிக் கோடு பாத்ததும் தண்ணின்னு தெரியணுமில்ல? அதான் நானே புதுசா ஒரு கோடு செஞ்சேன். கோட்டுக்கு நடுவுல அல மாதிரி ஒரு உருவம் வெச்சு, எவ்ளோ தூரத்துக்கு ஒண்ணு, எவ்ளோ உயரம்னு நம்பர் எழுதி, ஒரு பேரு வெச்சுட்டா போதும். அப்பறம் எங்க இழுத்தாலும் அல அலையா வரும். உயரம்தான் கொஞ்சம் ஜாஸ்தியா பூடுச்சு."

"கொஞ்சமாடி?"

வாசலில் பிரவீன் நின்றிருந்தான். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கான்ட்ராக்டில் வெல்டிங் வேலை. அம்மா வாங்கிவரச் சொன்ன வெற்றிலைப் பொட்டலம் ஒரு கையில். போர்ட்டில் கேட்டார்கள் என்று அப்போதுதான் எடுத்த போட்டோ இன்னொரு கையில். இந்த இருபத்தெட்டு வயதுக்குள் அம்மா பேச்சுக்கு மறுபேச்சு அவன் பேசியதில்லை. ருக்கு இதை ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். சத்யாவைப் பார்க்கப் போன அன்றுகூட, "பொண்ணு புடிச்சிருக்காடா?" என்று கேட்டதற்கு, "நீ சொன்னா சரி மா" என்றுதான் சொன்னான். அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லியே ருக்கு நாலு வீட்டு மாமியார்களை வயிறெரிய வைத்தாள்.

"டேய், எனக்கு விடிஞ்சா ஏரிக்குப் போவணும். இவகிட்ட நின்னு மல்லுக்கட்ட நேரமில்ல. நீ டியூட்டிக்குப் போறப்ப இவகிட்ட சொல்லி ஒழுங்கா மாத்தி வாங்கியாந்துடு."

"சரி மா."

மாற்றி வாங்கிவந்தான். இந்தத் தடவை அலை தம்மாத்தூண்டு. ஆனால் நெருக்கமோ நெருக்கம். ஒன்றன்மேல் ஒன்று ஏறி, காகிதத்தில் விரல் தடிமனுக்குக் கன்னங்கரேலென்று ஒரு பட்டையாக விழுந்திருந்தது. ஆபீஸில் இருந்தவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, மதில் சுவரா?"

"தண்ணிக் கோடு சார்."

"தண்ணி இவ்ளோ கெட்டியாவா இருக்கும்? ஏரிக்கரையோரமா சுவர் எழுப்பக் கூடாது, தெரியுமில்ல? போன தடவ வீடு தண்ணிக்குள்ள இருந்தது. இந்தத் தடவ தண்ணியவே சுவர் வெச்சு மறிச்சுட்டே. எடுத்துட்டுப் போ."

ருக்கு படகேறித் திரும்பி வந்தாள். கார்த்திகையில் பதினோரு நாள் பாக்கி. வானம் மூடிக்கொண்டு கிடந்தது. வாடைக்காற்றில் ஏரி சாம்பல் நிறமாகச் சுருங்கிக் கிடந்தது. மறுபடியும் மகனைத்தான் அனுப்பினாள்.

"அலையே வேணாம்னு சொல்லுடா. வேற ஏதாவது அடக்கமா போடச் சொல்லு."

"சரி மா."

மூன்றாவது பிளானில் அலை இல்லை. அடக்கமாக, அழகாக, ஒரு கோடு, ஒரு குட்டி வட்டம், ஒரு கோடு, ஒரு குட்டி வட்டம் என்று தண்ணிக் கோடு வீட்டின் வடக்கே தள்ளி ஓடியது. தெற்கே மனை எல்லைக்குக் கோட்டில் கோத்த மாதிரி கறுப்புக் குண்டுகள். ஆபீஸ்காரரே இதில் குற்றம் சொல்லவில்லை. "ஊர்ப் பெரியவங்க கையெழுத்து மட்டும் வாங்கிக் குடுங்க" என்றார். ருக்கு மாரியம்மனுக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டு, பிளானைச் சம்பந்தி வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

தேசப்பன் பிளானை வாங்கிப் பார்த்தான். மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். முகம் மாறியது.

"இன்னா ருக்கு இது? இந்த வட்டம் வட்டமா கோத்தது இன்னா?"

"தண்ணிக் கோடுண்ணே."

"எனக்கேவா? அம்பது வருஷமா வல கட்றேன். மேல கட்டை கோத்த கயிறு. கீழ ஈயக்குண்டு கோத்த கயிறு. நடுவுல உன் வூடு." பிளானைத் தரையில் விரித்துத் தட்டினான். "வூட்ட வலைக்குள்ள வெச்சிக்கீறே!"

பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மிதவைக்கட்டையும் ஈயக்குண்டும் கோத்த கயிற்றைக் கண் திறந்த நாளிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்தக் காகிதத்தில் வேறெதுவும் தெரியவில்லை. வலைதான். அட்டகாசமான வலை.

அதோடு விட்டிருக்கலாம். கூட்டத்தில் நின்ற துளசிங்கம் வாயைத் திறந்தான். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டலாம் என்று ஊர் முறை வைத்துப் பிரித்திருக்கிறது; அதற்குப் பாடு என்று பெயர். பாடு விஷயத்தில் அண்ணன் தம்பி கிடையாது.

"அந்த எடத்துல வியாழக்கெழம பாடு எங்குளுது. யாரக் கேட்டு அங்க வல போட்டே?"

"டேய் பாவி, அது எம் வூடுடா!"

"வூடோ மீனோ, வியாழக்கெழம அந்த வலையில வுழுந்தா எங்குளுதுதான்."

இரண்டு நாள் ஊர் கூடிப் பேசியது. வியாழனா வெள்ளியா என்று பேசினார்கள். ருக்குவின் குடிசை யாருடைய பங்கில் சேரும் என்றுகூட ஒருவர் கேட்டுவிட்டார். கையெழுத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை. கடைசியில் தேசப்பன் எழுந்து துண்டை உதறினான். "எம் பொண்ண வலைக்குள்ள கட்டிக் குடுக்க முடியாது" என்றான். மறுநாள் கார்த்திகை முடிந்தது.

ருக்கு நேராக ஜமுனா கடைக்குப் போனாள். இந்தத் தடவை சத்தம் போடவில்லை. அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது.

"எம் புள்ள மேல உனக்கு ஒரு கண்ணு. அதானேடி? நீ எனக்கு மருமவளா வரணும்னுதானே இந்தக் கல்யாணத்த மூணு தடவ கலச்சே?"

ஜமுனா வாசலில் நின்ற பிரவீனைப் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்தான். கடைத்தெருவே அந்தப் பார்வையைப் பார்த்தது. சாயங்காலத்துக்குள் அக்கரை வரை அது போய்ச் சேர்ந்தது. குற்றம் இல்லாத பெண் வாய் மூடி நிற்பாளா என்று கேட்டவர்கள்தான் ஊரில் அதிகம்.

"நல்லா இருடீம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு ருக்கு படகேறினாள். அவள் கொடுத்த சாபங்களிலேயே சின்னது அதுதான்.

சத்யாவுக்குத் தையிலேயே கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை லைட்ஹவுஸ் குப்பத்தில் ஃபைபர் படகு வைத்திருக்கும் விஜய். பிரவீன் மாசியில் மஸ்கட்டுக்குப் போனான், ஏதோ கப்பல் பட்டறையில் வேலை. பாஸ்போர்ட் எப்போது எடுத்தான் என்று கேட்க ருக்குவுக்குத் தோன்றவில்லை. அழவே நேரம் சரியாக இருந்தது. ஆனியில் ஜமுனா, மீஞ்சூர் சிவகுமாரைக் கட்டிக்கொண்டு போனாள். அவளுக்கு பிரவீன் மேல் கண் என்று பேசிய வாய்களே பந்தியில் உட்கார்ந்து கேசரியைப் புகழ்ந்தன. ருக்கு வீட்டுக்கும் ஜமுனா பத்திரிகை கொண்டுவந்தாள். ருக்கு கை நீட்டவில்லை. ஜமுனா அதை உறிமேல் செருகிவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே போனாள்.

பிரவீன் மாசம் ஒரு தடவை பேசுவான்.

"எப்படா வருவே?"

"பிளான் பாஸான உடனே சொல்லு மா. அடுத்த பிளைட்ல வந்துர்றேன்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ருக்கு ஒரு மழைக்காலத்தைத் தள்ளினாள். அடுத்த வருஷ உதவிக்கு அறிவிப்பு வந்ததும், மூன்று பிளானையும் சுருட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். கடையை இப்போது ஜெஸ்ஸி நடத்திக்கொண்டிருந்தாள். படிப்பு முடித்து ஆறு மாசம்கூட ஆகவில்லை.

"நல்லா படிச்ச ஜமுனாவாலயே முடியல. நீ பாப்பியா பாப்பா?"

ஜெஸ்ஸி பழைய ஃபைலைத் திறந்தாள். ஒரு எண்ணை மாற்றினாள். அலை பவ்வியமாக வீட்டைவிட்டு விலகி, ஏரிக்கரையில் போய்ப் படுத்துக்கொண்டது.

"அவ்ளோதான் ஆன்ட்டி."

"அவ்ளோதானா?"

"ஃபர்ஸ்ட் இயர் பாடம் ஆன்ட்டி இது."

ருக்கு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அடுப்பு, அம்மி எல்லாம் காய்ந்த தரையில் இருந்தன. வெளுத்த விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகனுக்கு போன் போட மடியிலிருந்து செல்லை எடுத்தாள்.

"இந்தப் பழைய கோட்ட அழிச்சிரட்டுமா ஆன்ட்டி?" என்றாள் ஜெஸ்ஸி, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "ஜமுனாக்கா இதுக்கு வெச்சிருக்கற பேரப் பாருங்களேன்: 'பிரவீன் கெஞ்சிக் கேட்டது, சரி பண்ணக் கூடாது.'"