வினீத் பல் வெளுத்த படலம்

வாழ்க வினீத்! பாறசாலை மண் ஈன்ற மறவனும், பைக் என்னும் இரும்புப் புரவியேறி அம்பூரி மலைச்சரிவில் பாய்ந்தவனும், பாய்ந்த வேகத்தில் ரப்பர் மரமொன்றை முன்பல்லால் முட்டியவனுமாகிய ரெத்தினதாஸ் மைந்தனைப் பாடத் துணிந்தேன். கலைமகளே, கால்சியமே, துணை நில்லுங்கள்!

உடைந்த பல்லின் அரியணையில் நகரத்து மருத்துவர் 'கேப்' என்னும் பீங்கான் உறையை அமர்த்தியிருந்தார். சாயாக் கறையேறிய மற்றப் பற்களின் மஞ்சளோடு அது அப்படியே ஒத்துப்போனதால் எவரும் அறியார். கல்யாணம் பேசி முடித்த சிஜி ஒருநாள் வீடியோ காலில், "பல்லெல்லாம் சொந்தமா, இல்ல செட்டா?" என்று சிரித்தாள்.

"எல்லாம் ஒரிஜினலாக்கும்!" என முழங்கினான் வீரன். அந்தச் சொல்லில் தொங்கியது அவன் மானம்.

நிச்சயதார்த்தமாகிய ஒத்துக்கல்யாணம் நெருங்கியது. கேமராக்காரர்கள் முகத்தருகே வந்து படமெடுப்பார்கள் என்று கேட்டதும், பல்லை வெளுக்கப் படை திரட்டினான். நெய்யாற்றின்கரையில் பல் மருத்துவர் சுகிர்தபாய் இருந்தார். அவரோ சிஜி போகும் தேவாலயத்துச் சபைக்காரர். வாயைத் திறந்தால் ரகசியமும் திறக்குமே! ஆகவே தனித்தே போரிட்டான்.

முதலில் உமிக்கரிப் படை கருமேகமெனப் புகுந்தது. ஈறு குருதி சிந்தியது, மஞ்சள் அசையவில்லை. அடுத்து எலுமிச்சையும் சோடாப்பொடியும் நுரைத்து எழுந்தன. இனாமல் கரைந்து, குளிர்ந்த காற்று பட்டாலே பல் கூசியது. மூன்றாவதாக ஆன்லைனில் வரவழைத்த வெளுப்புப் பட்டையை ஒட்டினான். பெராக்சைடு பல்லுக்குள் ஊடுருவிக் கறையைச் சிதறடித்தது.

வெற்றி! கண்ணாடியில் வெண்சங்கின் நிறத்தில் பற்கள் நிரையாய் மின்ன, நடுவே பீங்கான் உறை மட்டும் பழைய மஞ்சளில், சரணடையாத கோட்டையென நிமிர்ந்து நின்றது.

ரகசியத்தைக் கைவிட்டு சுகிர்தபாயிடம் ஓடினான். அவர் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "எலே மக்கா, மருந்து பல்லைத்தான் வெளுக்கும், பீங்கானையா வெளுக்கும்? மொதல்லயே வந்திருக்கக் கூடாதா?"

"நாளைக்கு ஒத்துக்கல்யாணமாக்கும், டாக்டர். உறையை மாத்தித் தாங்க."

"நெறம் நெலைச்ச பெறவுதான் மாத்த ஒக்கும், ரெண்டு வாரமாவது வேணும். அதுவரை சாயா குடிக்காதே. வெளுத்த பல்லு கறையைச் சட்டுன்னு பிடிச்சுக்கும்."

அந்த எச்சரிக்கை அவன் செவியில் அசரீரியாய் ஒலித்தது. அக்கணமே சாயாக்கடை ஏறினான். கொதிக்கும், பாலில்லாக் கட்டன் சாயாவை வாயில் கொப்பளித்தான். ஒவ்வொரு மிடறும் நரம்பில் இடியாய் இறங்கியது. கண்ணீர் அருவியாய்ப் பெருகியது. தன் வெற்றியைத் தானே அழிக்க இப்படிப் போராடிய வீரனை இவ்வையம் கண்டதில்லை!

மறுநாள் படமெடுக்கையில் சிரித்தான். பற்கள் திட்டுத் திட்டாய்ப் பழுப்பேறியிருந்தன. உறையோ தன் மஞ்சளில் தனித்தே நின்றது.

"இதென்ன, அந்த ஒரு பல்லு மட்டும் விருந்துக்கு வந்தது மாதிரி நிக்குது?" என்றாள் சிஜி, உதடசையாமல்.

"கேப்பாக்கும். அன்னைக்குப் பொய் சொன்னேன்."

"அதை அன்னைக்கே சொல்லியிருந்தா நானா வேண்டாம்னு சொல்லப்போறேன்? கேமராவைப் பாரும்."

பந்தியில் பல் கூச்சத்தால் அவன் தொடாமல் வைத்த ஐஸ்கிரீமையும் சிஜியே தின்றாள்.