அப்பாவின் இடது காதுக்குள் வழி தவறியவன்

ஆல்பனி,
ஞாயிற்றுக்கிழமை, அக்டோபர்.

போர்ஸ்ட் குடும்பப் பண்ணை மற்றும் பீர் ஆலையின் உரிமையாளரும், வேறு வழியில்லாமல் என் தம்பியுமான திரு. லோவெல் அவர்களுக்கு,

போதுமான காலம் வாய் மூடி இருந்துவிட்டேன். இனியும் இருந்தால், சொல்வதற்கு என்னிடம் எதுவுமே இல்லை என்று நீ முடிவு கட்டிவிடுவாய். நீயும் நோரீனும் மகள் டெஸ்ஸாவும் சுகமாக இருப்பதை நேற்று என் கண்ணாலேயே பார்த்துவிட்டபடியால் உங்கள் சுகத்தை விசாரிக்கவில்லை. என் சுகத்தை அங்கிருந்து யாரும் விசாரிக்காததால் அதையும் எழுதவில்லை. சம்பிரதாயம் இத்துடன் முடிந்தது.

ஆமாம், நேற்று உன் பண்ணைக்கு வந்திருந்தேன். ஏன் வந்தேன் என்றால், போன வாரம் காய்கறிக் கடையில், நம்மோடு பள்ளியில் படித்த அந்த நெட்டை வ்ரூமன் என்னைப் பிடித்துக்கொண்டு, "உன் தம்பிக்குக் கோடையில நெஞ்சுல ஸ்டென்ட் வச்சாங்களே, இப்ப எப்படிப்பா இருக்கான்?" என்று கேட்டான். கையில் ஒரு முட்டைக்கோசை வைத்துக்கொண்டு, "தேறிட்டான், நல்லா இருக்கான்" என்று சொன்னேன். என் சொந்தத் தம்பியின் நெஞ்சைப் பற்றி ஒரு முட்டைக்கோசைச் சாட்சியாக வைத்துப் பொய் சொல்ல வேண்டியதாயிற்று. நோரீனுக்கு ஒரு போன் போடக் கைவரவில்லையா? என் எண் மாறவில்லை. மாற்றவே இல்லை, அது வேறு விஷயம்.

உன் வாசல் பலகையில் 'குடும்பத்தோடு வந்து மகிழுங்கள்' என்று எழுதியிருக்கிறது. பீர் குடிக்கும் வயசு ஆகிவிட்டதா என்று பார்க்க, வாசலில் நின்றவர் என் அடையாள அட்டையைக் கேட்டார். நரைத்த தலையைப் பார்த்த பிறகும் கேட்டார். பார்த்துவிட்டு, "போர்ஸ்ட்டா? பண்ணைக்காரங்க பேரும் அதேதான். இந்தப் பள்ளத்தாக்குல கல்லை விட்டெறிஞ்சா ஏதாவது ஒரு போர்ஸ்ட் தலையிலதான் விழும்" என்று தானே கேள்வி கேட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொண்டார். "எத்தனை பேரு?" என்றார். ஒருத்தன் என்றேன். "குடும்பம் பின்னாடி கார்ல வருதா?" என்றார். "குடும்பம் உள்ளேதான் இருக்கு" என்றேன். "அப்பச் சீக்கிரம் போங்க, தேடப் போறாங்க" என்று என் மணிக்கட்டில் பச்சைக் காகிதப் பட்டையைச் சுற்றி ஒட்டினார். அவருக்குத் தெரியுமா பாவம், யாரும் தேடவில்லை என்று.

முதலில் வைக்கோல் வண்டி. டிராக்டர் இழுக்க, பரங்கிக்காய்களை மடியில் வைத்துக்கொண்ட குழந்தைகளுக்கு நடுவே முழங்காலை மடக்கி உட்கார்ந்தேன். டெஸ்ஸா மைக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அப்பாவின் மாடுகளை நீ விற்ற அன்று அவள் நாலு வயசுப் பெண், நான் காரில் ஏறும்போது என் ஷூ கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அன்று நான் உன்னிடம் கேட்டது என்ன? "ஒரு சொட்டு குடிக்காத மனுஷன் நிலத்துல பீர் கடையா வைக்கப் போறே?" என்றேன். நீ என்ன சொன்னாய்? "நீ வந்து தினம் பால் கற. நான் கடை வைக்கல" என்றாய். அதற்கு என்னிடம் பதில் இல்லாததால்தான் இத்தனை வருஷம் கோபமாக இருக்கிறேன் என்று நீ நினைக்கலாம். அப்படி இல்லை. ஏறக்குறைய இல்லை.

பீருக்குக் கசப்பேற்றும் ஹாப்ஸ் கொடிகளை வண்டி தாண்டியதும் அவள் ஆரம்பித்தாள். "எங்க தாத்தா ஆம்ப்ரோஸ் இந்தப் பண்ணையைத் தனி ஆளா நடத்தினார். அவருக்கு ஒரே பையன், எங்கப்பா லோவெல். சின்ன வயசிலேர்ந்து தாத்தா பக்கத்துலயே நின்னு பால் கறந்தவர்." யாரோ ஒருவர், "தாத்தாவுக்கும் பீர்னா உசிரா?" என்று கேட்டார். "உசிரு!" என்றாள். லோவெல், சளி மருந்தில் சாராயம் கலந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அதைத் தொடாமல் பனிக்காலம் முழுவதையும் இருமியே கழித்த மெதடிஸ்ட் அவர். அதைக்கூட மன்னித்துவிடலாம், பீர் விற்க வேண்டுமே. ஆனால் 'ஒரே பையன்' என்றாளே. வகுப்பில் மாணவன் தூக்குவதைப் போலக் கையைத் தூக்கினேன். "சொல்லுங்க சார்" என்றாள். "ஒரே பையனா? நிச்சயமாவா?" என்றேன். "எங்க தாத்தா சார்! எனக்குத் தெரியாதா?" என்றாள். வண்டி முழுக்கச் சிரித்தது. மோவாயைச் சற்றே தூக்கிக்கொண்டு நம் அம்மா மாதிரியே நின்றாள். கோபப்பட முடியவில்லை. சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறாள், குழந்தை மேல் என்ன தப்பு?

வண்டியை விட்டு இறங்கினால் எதிரே மரப்பசு. உண்மையான பசு இருந்த தொழுவத்தில் பலகையில் செய்த பசுவை நிறுத்தி, ரப்பர் மடியில் தண்ணீரை நிரப்பி வைத்திருக்கிறாய், ஊர்ப் பிள்ளைகள் பால் கறந்து பார்க்க. வரிசையில் நின்ற ஒரு அம்மாள் என்னைத் தள்ளிவிட்டு, "பெரியவங்களும் செய்யலாமாம், வெக்கப்படாதீங்க" என்றாள். முக்காலியில் உட்கார்ந்தேன். டெஸ்ஸா பக்கத்தில் குனிந்து, "இழுக்கக் கூடாது சார். மேலேர்ந்து ஒவ்வொரு விரலா மூடணும். எங்கப்பா கண்டுபிடிச்ச முறை" என்றாள். கண்டுபிடித்தாயா? லோவெல், நீ கண்டுபிடித்தாயா? குளிரில் விறைத்த உன் கைகளை என் கம்பளிச் சட்டைக்குள் விட்டுச் சூடேற்றி, உன் விரல்களை என் விரல்களால் மூடி மூடிக் காட்டியது யார்? ஆத்திரத்தில் ஒரே இழுப்பு இழுத்தேன். காம்பு கையோடு வந்துவிட்டது. மடியிலிருந்த தண்ணீர் முழுவதும் என் பேன்ட்டில் கொட்டியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒரு சிறுமி, "அந்தத் தாத்தா பசுவை உடைச்சுட்டார்" என்று அழுதாள். ரப்பர் காம்பைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஓடிவிட்டேன். அது இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. திருடியதாக நினைக்க வேண்டாம்.

ஈரப் பேன்ட்டோடு ஒளிய இடம் தேடித்தான் சோளக்காட்டுக்குள் புகுந்தேன். வருஷம் ஒரு படமாகச் சோளத்துக்கு நடுவே, வருகிறவர்கள் வழி தேடி விளையாடப் பாதை வெட்டுவீர்களாமே, இந்த வருஷம் அப்பாவின் முகம் என்று வாசலில் கொடுத்த படத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. மோவாய் வழியாக உள்ளே போனேன். வாயருகே இரண்டு தடவை சுற்றினேன். மூக்குக்குள் போய் முட்டிக்கொண்டு திரும்பினேன். பிறகு நீளமான ஒரு வளைவு, வளைந்து வளைந்து போய் அப்படியே நின்றுவிட்டது. படத்தை விரித்துப் பார்த்தால், அப்பாவின் இடது காது.

உனக்கு அது வெறும் காது. அப்பாவுக்கு அந்தக் காது கேட்காது. சாப்பாட்டு மேஜையில் நீ வலப்பக்கம், நான் இடப்பக்கம். நீ 'உப்பு' என்றால் உப்பு வரும். நான் கல்லூரிக்கு இடம் கிடைத்த செய்தியைச் சொன்னேன், அவர் உருளைக்கிழங்கை என் பக்கம் நகர்த்தினார். வலப்பக்கம் போய் உட்கார எனக்குத் தோன்றவே இல்லை, அது உன் இடம். அவர் போன பிறகு எல்லாரும், 'பெரியவன் எதையும் மனசுவிட்டுச் சொல்ல மாட்டான்' என்றார்கள். சொன்னேன் ஐயா, தினமும் சொன்னேன், தப்பான பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

அந்தச் சோளத்துக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, 'அப்பா, நானும் இருக்கேன்' என்று உரக்கவே சொல்லிவிட்டேன். வழக்கம்போல அவருக்குக் கேட்கவில்லை. தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த ஒரு பெண்ணுக்குக் கேட்டுவிட்டது. "அப்பாவைத் தொலைச்சிட்டீங்களா? எந்தப் பக்கம் போனார்?" என்று பதறினாள். "இல்லம்மா, நான் அவருக்குள்ளதான் இருக்கேன்" என்று படத்தைக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் என் பேன்ட்டைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஒரு டோனட்டை எடுத்துக் கொடுத்து, "பேசாம என் பின்னாடியே வாங்க" என்றாள். அப்பாவின் நெற்றி வழியாக அவள்தான் என்னை வெளியே கொண்டுவந்து விட்டாள்.

அதன் பிறகுதான் உன் முன்னால் வந்து நின்றேன். பழைய களஞ்சியத்தில், ஒரே கூட்டம், ஒரே சத்தம். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நீயே ஊற்றிக்கொண்டிருந்தாய். இளைத்திருக்கிறாய். பலகையில் 'ஆம்ப்ரோஸ் கறுப்பு' என்று ஒரு பீர். அப்பாவின் பெயரில் பீர்! அதிலேயே ஒன்று ஊற்றச் சொன்னேன். நீ நிமிரவில்லை. என் குரலைக் கேட்டும் நிமிரவில்லை. நுரையை வழித்துவிட்டு நீட்டினாய். "சாருக்கு மரப்பசு வேலை காட்டிடுச்சு போல" என்றாய், என் இடுப்புக்குக் கீழே பார்த்தபடி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லோவெல் என்று கூப்பிட வாயைத் திறந்தேன், பின்னால் நின்றவன், "அண்ணே, வாங்கிட்டா கொஞ்சம் நகருங்க" என்றான். வழியில் போகிறவன் அண்ணே என்கிறான், நீ சார் என்கிறாய். நகர்ந்துவிட்டேன். ஓர் ஓரமாக நின்று குடித்தேன். உன் பீரைக் கண்டபடி திட்ட வேண்டும் என்று வீட்டிலிருந்தே வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன், அந்தப் பாழாய்ப்போன பீர் நன்றாக இருந்தது. அப்போது பார்த்தேன், நீ நிரம்பிய பீப்பாய் ஒன்றை வயிற்றோடு அணைத்துத் தூக்குகிறாய். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவன் தூக்குகிற பொருளா அது? அங்கே அத்தனை தடியன்கள் நிற்கிறார்களே, ஒருத்தனுக்கும் அறிவில்லையா? போய்ப் பிடுங்கியிருப்பேன். யார் நீங்கள் என்று கேட்டால் என்ன சொல்வது என்றுதான் நின்றுவிட்டேன்.

ஆகவே உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. நிலம் வேண்டாம், பெயர்ப்பலகையில் இடம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். டெஸ்ஸா வண்டியில் சொல்லும் கதையில், 'தாத்தாவுக்கு இரண்டு பையன்கள்' என்று மாற்றச் சொல். மற்றவன் என்ன ஆனான் என்று யாராவது கேட்டால், ஏதாவது சொல்லிக்கொள்ளட்டும். பால் கறக்கத் தெரியாதவன் என்றுகூடச் சொல்லட்டும். உனக்கு ஏதாவது ஆகிவிட்டால், நான் யாரென்று சொல்ல அந்தப் பள்ளத்தாக்கில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். அது மட்டும்தான் என் பயம்.

இதற்கு மேல் உன் பண்ணைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்பதைத் திட்டவட்டமாகத் தெரிவித்துக்கொள்கிறேன். நோரீனுக்கு என் அன்பு. டெஸ்ஸாவுக்கு ஆசீர்வாதம், அவள் நன்றாகப் படிக்கட்டும். மாத்திரைகளை வேளாவேளைக்குப் போடு. உன் இதயம், அதை நீ எதற்குப் பயன்படுத்தினாலும் சரி, நீண்ட காலம் ஓடட்டும்.

பின்குறிப்பு: வெளியே வரும்போது, வருஷச் சந்தாவுக்குச் சேர்ந்துவிட்டேன். சேர்ந்தால் நம் பெயர் எழுதிய மண் குவளையைச் சுவரில் மாட்டி வைத்து, எப்போது போனாலும் அதில்தான் ஊற்றுவார்களாமே. சனிக்கிழமைதோறும் வருவதாக டெஸ்ஸாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் தூரிகையை எடுத்துக்கொண்டு, "என்ன பேரு எழுதட்டும் சார்?" என்றாள். "உங்கப்பா எழுதுவார்மா, அவர்கிட்டக் கொடு" என்றேன். "அப்பாவுக்கு உங்களைத் தெரியுமா?" என்று கேட்டாள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? 'சீக்கிரமே தெரிஞ்சுடும்' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். இதைப் படித்துவிட்டு யாரோ ஒரு பைத்தியக்கார வாடிக்கையாளர் என்று தோன்றினால், அந்தக் குவளையை எடுத்து வேறு யாருக்காவது கொடுத்துவிடு. தெரிந்தால், எழுது. இந்தத் தாளின் அடியில் என் பெயரை எழுதப் பேனாவை வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். கையெழுத்து இல்லாமலேயே தபாலில் போடுகிறேன்.