எக்ஸ் புரிந்தவர்

‘புரிந்தவர்’ என்றொரு இனம் உண்டு. காட்டில் தேடாதீர்கள். அது வகுப்பறையில், முதல் பெஞ்சில், வாத்தியாரின் பார்வை போய் விழுகிற இடத்தில் வசிக்கிறது. சொல்பவர் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே இதன் கண் சற்றுச் சுருங்கும், உதடு குவியும், தலை மேலும் கீழுமாக இரண்டு முறை அசையும். மூன்று முறை அசையாது. மூன்றாவது அசைவில் சந்தேகம் வந்துவிடும் என்று அதற்குத் தெரியும். தெரிந்தது அது ஒன்றுதான்.

பூம்பாறை மலைக்கிராமத்துப் பழனிமுத்து இந்த இனத்தில் முதல் தரம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில், பள்ளிப் படிப்பைத் தமிழில் முடித்த கையோடு, மலையிறங்கி வந்து பழனியில் ஒரு கல்லூரியில் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பில் சேர்ந்தான். முதல் நாள் அல்ஜீப்ரா வகுப்பில் விரிவுரையாளர் திருமலைச்சாமி, ‘எக்ஸ் என்று ஒன்று இருக்கட்டும்’ என்று இங்கிலீஷில் ஆரம்பித்தார். எதற்கு இருக்க வேண்டும், இருந்து என்ன செய்யும் என்று பழனிமுத்துவுக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருப்பவன் கேட்பான் என்று காத்திருந்தான். பக்கத்தில் இருப்பவன் இவனுக்காகக் காத்திருந்தான். “ஃபாலோ?” என்றார் திருமலைச்சாமி.

பழனிமுத்து தலையாட்டினான்.

ஏன் ஆட்டினான்? வீட்டுப் பழக்கம். பூண்டு விற்கையில் அவன் அப்பா ராமரும் தரகரும் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்கிற ஒருவருக்கும் விலை தெரியாது, ஆனால் அத்தனை பேரும் தெரிந்த முகத்தோடுதான் நிற்பார்கள். “ஏலே, தெரியலேன்னு மூஞ்சில காட்டிராத. ஏமாளின்னு வெலயக் கொறச்சுப்புடுவான்” என்பது ராமர் கற்றுக்கொடுத்த பாடம். பூண்டுக்கு உகந்த பாடம். மகன் அதை அல்ஜீப்ராவுக்கும் உபயோகித்தான்.

அன்று முதல் நாற்பது பேர் படிக்கும் வேகம் ஒரு கழுத்தில் இருந்தது. திருமலைச்சாமி நாற்பது முகங்களைப் பார்ப்பதில்லை. ஒன்றைப் பார்ப்பார், அது அசையும், கரும்பலகையை அழித்துவிடுவார். பின்னால் பேனாக்கள் பாதி வரியில் நிற்கும்.

பிப்ரவரியில் செலக்‌ஷன் பரீட்சை. அதில் தேறாதவனைப் பல்கலைக்கழகப் பரீட்சைக்கு அனுப்ப மாட்டார்கள். அனுப்பாவிட்டால் பூண்டு வயல்தான். அதுவும் ‘காலேஜ் தொரே, இந்த மூட்டையப் புடிங்க’ என்ற மரியாதையோடு. பயந்துபோன பழனிமுத்து, கேட்டே விடுவது என்று ஆசிரியர்கள் அறை வாசலுக்குப் போனான்.

“இவன்தாங்க நான் சொன்ன பையன்” என்று திருமலைச்சாமி பக்கத்து நாற்காலிக்காரரிடம் காட்டினார். “நான் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே புடிச்சுக்குவான். என்னப்பா சோலி?”

“சும்மா வந்தேங்க சார்.”

“நல்லதாப் போச்சு. நாளைக்கு நான் ஊருக்குப் போறேன். அடுத்த பாடத்த நீயே பசங்களுக்கு எடுத்துரு.”

மறுநாள் பழனிமுத்து கையில் சுண்ணக்கட்டி. ஏயையும் பியையும் கூட்டி வர்க்கம் எடுத்தால், ஏயின் வர்க்கமும் பியின் வர்க்கமும் வரும் என்று எழுதினான். பார்க்க அழகாக இருந்தது. “ஃபாலோ?” என்றான். முப்பத்தெட்டுத் தலைகள் ஆடின. அந்தச் சுகம் திருமலைச்சாமிக்கு ஏன் பிடித்துப் போயிற்று என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

கடைசி பெஞ்சில் பொன்னுச்சாமி எழுந்தான். வகுப்பில் மந்தன் என்று பெயர் வாங்கியவன். கேள்வி கேட்பான் அல்லவா?

“ரெண்டும் மூணும் அஞ்சு. அஞ்சோட வர்க்கம் இருவத்தஞ்சு. நீ எழுதுனபடி போட்டா நாலும் ஒம்பதும் பதிமூணுல்ல வருது? பாக்கி எங்கப்பா போச்சு?”

பழனிமுத்து விரலில் ஒட்டிய சுண்ணத்தைத் தட்டினான். “அது எண்ணுக்கு. இது எழுத்துக்கு” என்றான்.

ஆகா என்றது வகுப்பு. “ஒக்காருலே, அவனுக்குத் தெரியாதா?” என்று பொன்னுச்சாமியின் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

பரீட்சையில் முப்பத்தொன்பது பேர் ஒரே தவற்றை ஒரே மாதிரி எழுதினார்கள். பொன்னுச்சாமி தேறினான். திருமலைச்சாமி பழனிமுத்துவைத் தனியாக அழைத்தார். குரலில் கோபமில்லை.

“திங்கக்கெழம மறுபரீட்சை வைக்கச் சொல்லிருக்கேன். எந்த எடத்துல புரியாமப் போச்சு? சொல்லு, அங்கேருந்து நடத்துறேன்.”

முதல் நாள், முதல் வரி. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாய்கூடத் திறந்தது.

“எல்லாம் புரிஞ்சதுங்க சார். கைதான் தவறிப்போச்சு.”

“அப்பச் சரி” என்று அவர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

மற்ற முப்பத்தெட்டுப் பேரும் சத்தமில்லாமல் பொன்னுச்சாமியின் விடுதி அறைக்குப் போய், ஏன், எப்படி என்று வெட்கத்தைவிட்டுக் கேட்டு, மறுபரீட்சையில் தேறிவிட்டார்கள். பழனிமுத்துவால் போக முடியுமா? புரிந்தவன் ஆயிற்றே. செவ்வாய்க்கிழமை தகரப் பெட்டியோடு மலையேறினான்.

பாவம் என்கிறீர்கள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். நியாயம்தான். போன மாதம் டாக்டர் உங்கள் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, “இதோ, தெரியுதுங்களா?” என்றார். தெரிகிறது என்றுதானே சொன்னீர்கள்? என்ன தெரிந்தது?