றுஸ்தாவுக்கு எத்தனையாம் கிறேட்?

“மருமகன்! அசறுத் தொழுகை நேரமும் போகப் போகுது. உள்ளுக்குக் கிடந்து என்னத்த அவிக்கிறீங்க?”

குளியலறைக் கதவில் மாமி சுபைறாவின் கை மறுபடியும் விழுந்தது. உள்ளே சிவப்பு பல்பின் கீழ், சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, மூன்று பிளாஸ்டிக் பேசின்களுக்கு முன்னால் குந்தியிருந்தான் றஸ்மி.

“கொஞ்சம் பொறுங்க மாமி! இப்பக் கதவத் திறந்தா படத் தாளெல்லாம் கறுத்துப் போயிரும்!”

“நான் தொழ உளு எடுக்காட்டி என்ட அமலெல்லாம் கறுத்துப் போயிரும்!”

நியாயமான பேச்சுத்தான். இலங்கையின் அந்தக் கிழக்குக் கரையில் கலியாணம் கட்டிய ஆண்தான் பெண்வீட்டுக்குக் குடிவர வேண்டும். மருதமுனையில் இருந்த அந்த வீடு றஸ்மியின் மனைவி ஸம்றாவின் சீதனம். குளியலறை மாமியின் ராச்சியம். றஸ்மி வரும்போது கொண்டுவந்தது இரண்டு சூட்கேசும், ஃபிலிமிலிருந்து படத்தைப் பெரிதாக்கும் ஒரு பழைய மெசினும்தான். சூட்கேசுகளை மாமி மன்னித்துவிட்டார்.

கல்முனையில் ஒரு பாமசியில் வேலை செய்யும் றஸ்மிக்கு ஃபிலிம் கமரா என்றால் பைத்தியம். இதுவரை அவன் கழுவிய படங்கள் காகம், வள்ளம், மறுபடியும் காகம். ஒருத்தரும் கேட்டு அவன் படம் எடுத்ததில்லை. இப்போது கேட்டிருந்தார்கள். அதுவும் சொந்தத் தங்கச்சி றுஸ்தாவின் பெண் பார்க்கும் படம்!

றுஸ்தா நற்பிட்டிமுனையில் வாப்பா, உம்மாவோடு இருந்தாள். தினமும் ஒலுவிலுக்கு பஸ் ஏறிப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் டீச்சர். அந்த ஒலுவிலில் இருந்தே ஜவாத் என்ற பையனுக்கு அவளைக் கேட்டு வந்திருந்தது. ஜவாதை அவளுக்குப் பிடித்திருந்தது. எப்படிப் பிடித்தது என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் உம்மா ஜுனைதா வழுக்கி விழுந்து கால் முறிந்து கட்டோடு கிடந்ததால், நேரில் வர முடியாது, படம் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்.

ஃபோனில் எடுத்து அனுப்பியிருந்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் வாப்பா அதற்கு இடம் கொடுக்கவில்லை. போன வருஷம் சாச்சாவின் மகளுடைய படத்தை ஒரே ஒரு வீட்டுக்குத்தான் அனுப்பினார்கள். அது ஊரைச் சுற்றி, கடலைத் தாண்டி, கட்டாரில் இருந்த சாச்சாவின் ஃபோனுக்கே “நல்ல இடம், பாக்கிறீங்களா?” என்று வந்து சேர்ந்தது.

“கடுதாசிப் படம் ஒண்டுதான். பாத்திட்டுத் திருப்பித் தரணும்,” என்றார் வாப்பா.

புறோக்கர் நளீம் இன்னொரு செய்தியும் கொண்டுவந்தார். “புள்ளைய ஊட்டு முன்னுக்கு நிப்பாட்டி எடுக்கட்டாம். கிட்டப் போகாம, தூர நிண்டு எடுக்கட்டாம்.”

றஸ்மிக்குப் புல்லரித்துவிட்டது. “கேட்டியா ஸம்றா? வெளி வெளிச்சம், எட்ட நிண்ட பார்வை! அந்த மனுசிக்குக் கலை தெரியும்!”

“அவங்களுக்குக் கால் ஏலாது. அதுதான் எனக்குத் தெரியும்,” என்றாள் ஸம்றா.

படம் எடுக்கப் போன அன்று வாப்பா புதுவீட்டின் போட்டிக்கோவைத் தேய்த்துக் கழுவிவிட்டிருந்தார். பென்ஷன் காசையெல்லாம் கொட்டி றுஸ்தாவுக்கென்று கட்டிய வீடு. “தூண் ரெண்டும் விழுதா மகன்?” என்று பின்னால் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

“தூண் கிடக்கட்டும் வாப்பா. தங்கச்சிட முகத்தப் பாருங்க!”

முகம் நன்றாகத்தான் இருந்தது. வானம்தான் மூடிக் கிடந்தது. அதனால் நெகட்டிவ் சோர்ந்து போயிருந்தது. அதை இரண்டாம் கிறேட் தாளில் கழுவியபோது றுஸ்தா, தூண், மாபிள், கூரை எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் வந்தன. றஸ்மி அதற்கு ‘மென்மை’ என்று பெயர் வைத்து அனுப்பினான்.

மறுநாளே நளீம் படத்தோடு திரும்பி வந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

“புகை மூடின மாதிரி இரிக்காம் தம்பி. ஒண்டும் விளங்கல்லையாம்.”

“சரியாச் சொல்லியிருக்காங்க!” றஸ்மி துள்ளினான். “கொன்ட்ராஸ்ட் காணாது, கறுப்பும் வெள்ளையும் பிரியல்ல! ஒரே பார்வையில பிடிச்சிட்டாங்களே!”

உடனே ஆலையடிவேம்பில் இருந்த கூட்டாளி பிரசாந்துக்குக் கோல் எடுத்தான். ஃபிலிம் பைத்தியத்தில் அவன் றஸ்மிக்கு மூத்தவன். படம் கழுவும் தாள், மருந்து எல்லாம் கொழும்பிலிருந்து எடுப்பிப்பதும் அவன்தான்.

“மச்சான், கிறேட் தாள் எண்டா தைச்ச காற்சட்டை,” என்றான் பிரசாந். “இடுப்புக்குச் சரியெண்டாச் சரி, இல்லாட்டி வேற ஒண்டு எடுக்கணும். ரெண்டாம் கிறேட் மெதுவு, நாலாம் கிறேட் கடுமை. மாறும் தாள் எண்டா சாரன். ஒரே துணிய இறுக்கியும் கட்டலாம், தளத்தியும் கட்டலாம். மஞ்சள் ஃபில்டர் போட்டா மெதுவு, ரோஸ் போட்டாக் கடுமை. நீ மாறும் தாளுக்குப் போ.”

“ஃபில்டர் போட்டுச் சமாளிக்கிறது கலையில்ல மச்சான். எனக்கு நாலாம் கிறேட் தா.”

“சாரன் நெய்யிற மருதமுனையில இருந்துகொண்டு சாரனைப் பழிக்கிறியே!”

இந்த முறை குளியலறை ஜன்னலால் வெளிச்சம் கசியாமல் இருக்கக் கெட்டியான கறுப்புத் துணி ஒன்று தேவைப்பட்டது. கொடியில் ஒன்று கிடந்தது. எடுத்துத் தொங்கவிட்டான். அது மாமியின் புது அபாயா என்பது, மருந்து தெறித்து அதில் பழுப்பு வட்டங்கள் விழுந்த பிறகுதான் தெரிந்தது.

மாமி அதை விரித்துப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை.

“நல்லம் மருமகன். இனி நான் கலியாண ஊட்டுக்குச் சிறுத்தையாப் போறன்.”

நாலாம் கிறேட் படம் காய்ந்தது. அது சண்டைக்கு வந்ததுபோல் இருந்தது. வெள்ளை எல்லாம் சுண்ணாம்பு, நிழல் எல்லாம் தார். றுஸ்தா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

“நானா! எனக்கு மீசை முளைச்சிரிக்கு!”

“அது நிழல் தங்கச்சி.”

“மீசைட நிழலா?”

றஸ்மி பென்சிலை எடுத்து மீசையைக் குறைக்கப் பார்த்தான். குறையவில்லை, முறுக்கிக்கொண்டது. பிறகு பிளேடால் சுரண்டி ஒருவழியாகச் சமாளித்து அனுப்பினான். இந்த முறை நளீம் ஓட்டோவை விட்டு இறங்கவே இல்லை. வாசல் கடப்படியிலேயே நிறுத்திப் படத்தை நீட்டினார்.

“பின்னுக்கெல்லாம் கருகிக் கிடக்காம் தம்பி. அவங்கட கதை இப்ப முன்ன மாதிரி இல்ல. சம்மாந்துறையில இருந்தும் ஒரு புள்ளைட கதை வந்திரிக்காம். இன்னொரு படம் பாப்பாங்க. அதோட சரி.”

அன்று பின்னேரம் றுஸ்தா கோல் எடுத்தாள். இந்த முறை அவள் கத்தவில்லை. “நானா, எனக்கு இந்த இடம் வேணும். வேற ஒண்டும் நான் சொல்லல்ல,” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். றஸ்மி நெகட்டிவை மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். காகம் கெட்டால் இன்னொரு காகம் எடுக்கலாம். தங்கச்சியின் வாழ்க்கையை எந்தத் தாளில் கழுவுவது?

“பின்னுக்குக் கருகிக் கிடக்காம்,” என்று தனக்குள் சொல்லிப் பார்த்தான். பட்டென்று விளங்கியது. பின்னணி முகத்தை அமுக்குகிறது! எவ்வளவு நுட்பமான பெண்மணி! பிரசாந்திடம் தோல்வியை ஒப்புக்கொண்டு மாறும் தாளையே வாங்கி வந்தான்.

“இப்பதான் மனுசனாகியிருக்கிறாய்,” என்றான் பிரசாந்.

மஞ்சள் ஃபில்டரைப் போட்டான். றுஸ்தாவின் கன்னம் மெதுவாக வந்தது. ரோஸைப் போட்டான். கண் தெளிந்தது. கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் ரோஸ் என்று அவன் கலந்து விளையாடிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. பகல் வெளிச்சமும் மாமியும் ஒன்றாக உள்ளே வந்தார்கள்.

“பூட்டு உடைஞ்சிட்டா மாமி?!”

“நான்தான் உடைச்ச. பக்கத்து ஊட்டு பாத்ரூமுக்குப் போய்ப் போய், அவங்க எனக்குத் தனிச் சவுக்காரமும் வெச்சிட்டாங்க. மானம் போகுது!”

திறந்திருந்த தாள்கட்டு முழுக்க வெளிச்சம் குடித்துப் பாழாகிவிட்டது. உறைக்குள் தனியாக வைத்திருந்த ஒரே ஒரு தாள்தான் மிஞ்சியது. மாமி உளு எடுத்து முடியும்வரை றஸ்மி அந்தத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே நின்றான்.

பிஸ்மி சொல்லி உள்ளே போனான். கதவுக்கு ஸம்றா முதுகு கொடுத்து நின்றாள். றுஸ்தாவின் உருவத்துக்கு அளவாக மட்டையில் ஓட்டை வெட்டி, மற்ற இடத்தில் ஒரு பொட்டு வெளிச்சமும் படாமல் மறைத்தான். வெளிச்சம் படாத தாள் வெள்ளையாகவே கிடக்கும். மருந்துக்குள் தங்கச்சி மெல்ல மெல்ல எழும்பி வந்தாள். கண்ணில் வெளிச்சம், உதட்டில் சிரிப்பு, மீசை இல்லை. சுற்றிவர வெள்ளை. தூண் இல்லை, கூரை இல்லை, கருகல் இல்லை.

“மாஷா அல்லாஹ்!” என்றாள் ஸம்றா. மாமிகூட எட்டிப் பார்த்து, “புள்ள வடிவாத்தான் இரிக்கா,” என்றார். றஸ்மிக்கு அழுகையே வந்துவிட்டது.

இதை நளீமிடம் கொடுத்துவிட அவனுக்கு மனம் வரவில்லை. கலை தெரிந்தவரை நேரில் பார்க்க வேண்டும் என்று நளீமின் ஓட்டோவில் தானே ஏறி ஒலுவிலுக்குப் போனான்.

ஜுனைதா கால் கட்டை ஒரு ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜவாத், நகத்தைக் கடித்துக்கொண்டு. றஸ்மி படத்தை இரண்டு கையாலும் கொடுத்தான். கொடுத்த கையோடு வகுப்பும் எடுத்தான்.

“முதல் அனுப்பின ரெண்டும் கிறேட் தாள் மாமி. ஒண்டு மெதுவு, ஒண்டு கடுமை. நீங்க பிழையச் சரியாப் பிடிச்சீங்க. இது மாறும் தாள். மஞ்சளும் ரோஸும் போட்டு எடுத்த. பின்னுக்கு உங்களுக்கு இடைஞ்சலாக் கிடந்ததெல்லாம் இப்ப இல்ல!”

ஜுனைதா படத்தை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு படத்தைத் திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தார். அங்கும் ஒன்றும் இல்லை. பெருமூச்சு விட்டார்.

“மகன், றுஸ்தா டீச்சர்ட முகம் எனக்கென்னத்துக்கு? என்ட பேத்திக்குப் படிப்பிக்கிற புள்ள, நான் காணாத ஆளா? என்ட மகன் வந்து இருக்கப்போற ஊட்டக் காட்டுங்க எண்டு வாயத் திறந்து கேக்கிறது மரியாதையில்ல எண்டுதான், புள்ளைய அதுக்கு முன்னுக்கு நிப்பாட்டி எடுக்கச் சொன்ன. முதல் படத்தில ஊடு புகைக்குள்ள கிடந்திச்சு. ரெண்டாவதில கருகிக் கிடந்திச்சு. இதில அந்த இடமே வெறும் வளவு. ஒண்டும் மறைக்காமச் சொல்லுங்க மகன்... ஊடு எப்ப பத்தி எரிஞ்ச?”