ஏழாம் மட்டையின் போர்க்காதை

வாத்தின் இடச்சிறகிலிருந்து பறித்துத் தக்கையில் நட்ட பதினாறு வெண்ணிறகாலான பந்தே, காப்பு. உன்னை அடித்தே பேர் வாங்கிய இந்த ஊரில், உன்னால் அடிபட்ட ஒருவன் கதையைச் சொல்லப் புகுகிறோம். சொல்லில் குற்றம் நேர்ந்தால் வலையில் விழு. பொருளில் குற்றம் நேர்ந்தால் கோட்டுக்கு வெளியே போ.

வாழ்க தர்சோனோ. கிராம்புச் சுருட்டின் மணம் காற்றில் கலந்த குடுஸ் நகரில், மசூதிக்கு வடக்கே கிடக்கும் சந்தின் தனிப்பெருந்தலைவன். எருமைக்கறி சூப்பை விடியலில் கொதிக்க வைத்து உச்சிக்குள் விற்றுத் தீர்க்கும் அகப்பைக் கையன். ஐம்பத்திரண்டு ஆண்டுகள் முயன்று வளர்த்த தொந்தியைக் கவசமாய்ப் பூண்டவன். கம்பி நரம்பும் இரும்பு எலும்பும் கொண்ட கடோத்கசன் வானேறிப் பறப்பதைத் தோல்பாவைத் திரையில் பார்த்த நாள்முதல், தனக்கும் அவனுக்கும் வேற்றுமை பறப்பது ஒன்றுதான் என்று நம்பி வாழ்ந்தவன். அவன் வாழ்க. அவனுடைய முழங்கால் இன்னும் நன்றாக வாழ்க.

போருக்குக் காரணம் சொல்ல வேண்டும். நாடு விடுதலை பெற்ற ஆகஸ்டு பதினேழாம் நாள் கொடியேற்றி முடித்ததும், அந்த ஊர் ஆண்கள் மனைவிமாரின் நைட்டியை மாட்டிக்கொண்டு கால்பந்து ஆடுவார்கள். அது மானக்கேடு அன்று, தேசபக்தி. ஆயினும் தேசபக்தியிலும் மேடு பள்ளம் உண்டு. விழாவுக்கு முந்தின ஞாயிறு வடசந்துத் தலைவனும் தென்சந்துத் தலைவனும் இறகுப்பந்து ஆட வேண்டும். வென்றவன் விழாவன்று சட்டை கால்சட்டையோடு நடுவராய் நின்று ஊதல் ஊதுவான். தோற்றவன் நைட்டி போதாதென்று உதட்டுச் சாயமும் பூசி, தலையில் ரிப்பன் கட்டி, கோல் காக்க வேண்டும். மூன்று ஆண்டுகளாக அந்தச் சாயம் தர்சோனோவின் உதட்டைத்தான் தேடி வந்தது. மூன்று ஆண்டுகளும் அவன் சிரித்துக்கொண்டே பூசிக்கொண்டான்.

இந்த ஆண்டு சிரிக்க முடியாது. மகள் ரெத்னோவைப் பெண் கேட்டு செமாராங்கிலிருந்து வருகிறார்கள். விடுமுறை என்பதால் அதே பதினேழாம் நாள். மாப்பிள்ளையின் தந்தை ஹார்டிமான், நீதிமன்றத்தில் எழுத்தராயிருந்து ஓய்வு பெற்றவர். தம் கல்யாணப் படத்திலும் சிரிக்காதவர். படத்தைப் பார்த்த அன்றே தர்சோனோ அதைக் கவிழ்த்து வைத்தான்.

மனைவி சுலாஸ்மி அடுப்படியிலிருந்து ஓர் ஆணை பிறப்பித்தாள்.

"வர்றவங்க வாசல்ல நின்னு பொண்ணோட அப்பா எங்கன்னு கேட்டா, நான் எதைங்க காட்டறது? கோல் கம்பத்தையா?"

ரெத்னோ தந்தை விசேஷத்துக்கு உடுத்தும் பாத்திக் சட்டையைத் தேய்த்துக் கதவில் மாட்டி வைத்தாள். அந்தச் சட்டை அசைவற்றுத் தொங்கியது. ஆயிரம் படை திரண்டாலும் தர்சோனோ அவ்வளவு அஞ்சியிருக்க மாட்டான்.

ஆகவே வீரன் படைக்கலம் தேடிச் சென்றான்.

'பாயு சக்தி' என்பது மட்டையின் பெயர். காற்றுக் கடவுளின் ஆற்றல் என்று பொருள். இதுவரை அவதாரம் ஆறு. நான்காம் அவதாரத்தில் தலை சதுரமாயிற்று. அதைத் தர்சோனோ வாங்கினான். இப்போது அது பின்கட்டு ஜன்னலுக்கு முட்டுக் கொடுக்கிறது. ஐந்தாம் அவதாரத்தில் தண்டு மெலிந்தது, அதையும் வாங்கினான், அது மாங்காய் பறிக்கிறது. ஆறாம் அவதாரத்தில் சட்டம் நெடுகப் பள்ளம் கீறிக் காற்றை இரண்டாகப் பிளந்தார்கள். பச்சை நிறத்தில் வந்த அதையும் வாங்கினான். சுலாஸ்மி அதனால் மெத்தை தட்டுகிறாள். தூசி பறக்கும் அழகைப் பார்த்தால் காற்றுக் கடவுள் அதில் குடியிருப்பது உண்மை என்றே தோன்றும்.

ஏழாம் அவதாரம் செந்நிறம். கடைச் சுவரில் ஆள் உயர விளம்பரம்: ஏழு விழுக்காடு கூடுதல் வேகம்.

"எதைவிட ஏழும்மா?" என்றான் தர்சோனோ, கடைப்பெண்ணிடம்.

"முன்னதைவிட, பாக்," என்றாள் அவள், ஐயா என்னும் மரியாதையோடு.

"முன்னதுல எட்டுன்னீங்களே."

"அது அதுக்கும் முன்னதைவிட, பாக்."

தர்சோனோ கணக்குப் போட்டான். எட்டின்மேல் ஏழு, அதற்கு முன் ஐந்தாவதில் சொன்ன பத்து, நான்காவதில் சொன்ன பன்னிரண்டு. எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாய் ஏறினால், இந்நேரம் அவன் அடிக்கும் பந்து அவன் கை ஓங்குமுன்பே செமாராங் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் நம்பிக்கை கணக்கறியாது. கதவில் தொங்கும் சட்டையும் கணக்கறியாது. வாங்கிவிட்டான்.

சுலாஸ்மி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆறாவது மெத்தை தட்டுது. ஏழாவது என்னத்தைத் தட்டப் போகுதோ."

இனி ஒரு மரபைச் சொல்ல வேண்டும். இக்கதையின் விதி அதில்தான் ஒளிந்திருக்கிறது. அந்தச் சந்தில் புதுப்பொருளின் பிளாஸ்டிக் உறையை எவரும் கழற்றுவதில்லை. சோபா உறையோடு கிரீச்சிடும். தொலைக்காட்சியின் ரிமோட் உறைக்குள் வியர்க்கும். மசூதித் தலைவரின் மோட்டார் சைக்கிள் இருக்கை, ஏழு ரமலான் கண்டும் உறை கழலாத மேனியாகவே திரிகிறது. உறை கிழிந்தால் பொருள் பழசு. பழசானதைப் போற்றுவார் யார்? ஆகவே ஏழாம் பாயு சக்தியின் கைப்பிடியைச் சுற்றியிருந்த வழுவழுப்பான உறையைத் தர்சோனோ தொடவும் இல்லை. விளிம்பு சுருண்ட இடத்தில் ஒட்டுநாடா போட்டு இறுக்கினான்.

போர்க்களம் எய்தினோம். பிற்பகல் தொழுகை முடிந்திருந்தது. சிமெண்டுத் தரையில் கோடுகள் வெள்ளையடித்துக் கிடந்தன. ஆடுவது ஒரே ஆட்டம், இருபத்தொரு புள்ளி. மாலைத் தொழுகைக்குமுன் முடிய வேண்டும். இரண்டு சந்துக்கும் பொதுத்தலைவரான முஹைமின், பிளாஸ்டிக் நாற்காலியில் நடுவராய் அமர்ந்து முழங்கினார்.

"கோட்டுல விழுந்தா உள்ளே. சந்தேகம்னா நான் சொல்றதுதான். எனக்கே சந்தேகம்னா திரும்ப ஆடணும்."

எதிரே தோன்றினான் கஸ்மின். தென்சந்தின் தலைவன், சோயாப்பாலைத் துணியில் பிழிந்து பிழிந்து மணிக்கட்டு முறுக்கேறியவன், குடுஸின் பாதித் தட்டுகளுக்கு டோஃபு என்னும் சோயாக்கட்டி கொடுப்பவன். அவன் மட்டைக்குப் பெயர் இல்லை. இருந்த பெயர் தேய்ந்துவிட்டது. சாயமும் உதிர்ந்து, அது எந்த நிறத்தில் பிறந்தது என்பதை அறிந்தவர் எவரும் உயிரோடில்லை.

பெருமக்கள் பண்போடுதான் குத்துவார்கள். கஸ்மின் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தான்.

"இந்த வருசம் என் வீட்டுக்காரி ரோஜா நிறச் சாயம் வாங்கி வெச்சிருக்கா, பாக் தர்சோனோ. போன வருசச் சிவப்பு உங்க முகத்துக்குக் கொஞ்சம் அதிகமாப் போச்சுன்னு வருத்தப்பட்டா."

"அவங்க மனசுக்கு நன்றி சொல்லுங்க, பாக். நீங்க பூசிப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டுத் தர்சோனோ பையைத் திறந்தான். கோழியின் கொண்டையும் நாணும் செம்மையோடு வெளிவந்தது ஏழாம் பாயு சக்தி. கஸ்மினின் புன்னகை பாதியில் நின்றது.

"ஏழா?"

"ஏழு."

கஸ்மினும் விளம்பரம் பார்த்தவன்தான். வாங்கியவனைவிட ஊன்றிப் பார்த்தவன். வாங்காதவனுக்குத்தான் படிக்க நேரம் இருக்கும். அவன் இரண்டடி பின்னால் போய் நின்றான்.

அந்த இரண்டடியில் போர் திரும்பியது. தர்சோனோ ஓங்கினால் கஸ்மின் பின்னோக்கி ஓடினான். இறகோ, சோர்ந்த கொக்குபோல வலையைத் தாண்டியதும் தொப்பென்று விழுந்தது. தர்சோனோ மெல்லத் தட்டினாலும் கஸ்மின் இடிக்குக் காத்தவன்போலத் தோளைக் குறுக்கினான். வடசந்து ஆர்த்தது. தேங்காய்ச் சிரட்டைகள் முழங்கின. ஆற்றுவெள்ளம் அணையைக் கண்டு அஞ்சித் திரும்பிய கதையை யார் கேட்டிருக்கிறார்கள்? அன்று குடுஸில் அது நடந்தது. ஏழு விழுக்காடு எங்கே வேலை செய்கிறது என்பதை நடுவரும் அறியார், வீரனும் அறியான்: வாங்கியவன் கையில் அன்று, எதிராளியின் காலில்.

பதினெட்டுக்குப் பதினொன்று.

தர்சோனோ கண்ணை மூடினால் பாத்திக் சட்டை தெரிந்தது. பொத்தான் போட்டுக்கொண்டு, தலையில் கறுப்புத் தொப்பி வைத்துக்கொண்டு, வாசலில் நின்று ஹார்டிமானின் கையைப் பற்றுவதும் தெரிந்தது. இன்னும் மூன்றே புள்ளி. கஸ்மின் தூக்கி அடித்த இறகு உச்சியில் சற்றே நின்றது. கடோத்கசன் மேகத்தினின்று இறங்குவதுபோல் தர்சோனோ எழுந்தான், இரண்டங்குலம் எழுந்தான், அகப்பைக் கையை முழுவதும் வீசினான்.

வியர்வையும் உறையும் அப்போது சந்தித்தன.

மட்டை பறந்தது. கடோத்கசனுக்கும் தர்சோனோவுக்கும் இருந்த அந்த ஒரே வேற்றுமையைத் தான் தீர்த்துவைப்பதுபோலப் பறந்து, வலைக்கு மேலாகச் சுழன்று, சிமெண்டில் மோதி இரண்டுமுறை துள்ளி, கஸ்மினின் காலடியில் போய் அடங்கியது. இறகு தனியே தர்சோனோவின் தொந்திமேல் விழுந்தது.

கஸ்மின் குனிந்து, பாம்பை எடுப்பவன்போல மட்டையை எடுத்தான். எடை பார்த்தான். காற்றில் ஒருமுறை வீசினான். முகம் மாறியது. மோதிய இடத்தில் செஞ்சாயம் நகமளவு பெயர்ந்திருந்தது. அங்கே விரலை வைத்துத் தேய்த்தான்.

"பாக் தர்சோனோ, இதுக்கு உள்ள பச்சையா இருக்கு."

கூட்டம் வளைத்துக்கொண்டது. முஹைமின் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பார்த்தார். தமக்குச் சந்தேகம் இல்லை என்றார். சுலாஸ்மி எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அந்தப் பச்சை எனக்குத் தெரியும். எங்க வீட்டு மெத்தைக்கும் தெரியும்."

சிரிப்பு தென்சந்திலிருந்து கிளம்பி வடசந்தையும் வாரிக்கொண்டு போயிற்று. கஸ்மின் சிரிக்கவில்லை. மட்டையை வலக்கையில் ஏந்தி, இடக்கையை முழங்கையில் வைத்து, முறைப்படி திருப்பிக் கொடுத்தான்.

"நல்ல மட்டைதான், பாக். ஆறாவதும் நல்ல மட்டைதான்."

பிறகு தன் பக்கம் போய், முன்பு நின்ற இடத்தைப் பார்த்தான். இரண்டடி முன்னால் வந்து நின்றான்.

மற்றதைச் சொல்ல நாக்கு கூசுகிறது. தர்சோனோ உறையைப் பல்லால் கிழித்து எறிந்தான். பயனில்லை. மட்டை அதேதான், கை அதேதான், காற்றும் அதேதான். ஆனால் ஓங்கும்போதெல்லாம் மெத்தைத் தூசி மணப்பதுபோல இருந்தது. டோஃபு பிழிந்த மணிக்கட்டு ஒவ்வோர் இறகாய்ப் பிழிந்தது. பத்தொன்பதுக்கு இருபத்தொன்று. பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. எல்லோரும் தொழப் போனார்கள்.

பதினேழாம் நாள் விடிந்தது. கொடி ஏறியது. ஊதா ஆர்க்கிட் பூப்போட்ட நைட்டி தர்சோனோவின் தொந்தியில் இறுகியது. ரோஜா நிறம் உண்மையிலேயே அவன் முகத்துக்குப் பொருந்தியது. அதுவே அவனுக்குப் பெருந்துயராயிற்று. கஸ்மின் ஊதலை ஊதினான். செமாராங் சாலையில் நெரிசல் இருக்க வேண்டும், வண்டி பஞ்சராக வேண்டும் என்று வீரன் கம்பத்தடியில் நின்று வேண்டினான். எந்த வேண்டுதலும் எட்டவில்லை.

பத்து மணிக்குத் திடலோரம் ஒரு கார் நின்றது. ஹார்டிமான் இறங்கினார். படத்தில் இருந்தவாறே இருந்தார். வீட்டுக்குள் அழைத்துப் போய் உட்கார வைத்திருக்கலாம். அப்பா குளிக்கிறார் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ரெத்னோ அவரை நேரே திடலுக்கு அழைத்து வந்தாள். அவள் குரல் கம்பம்வரை கேட்டது.

"அதோ, ரிப்பன் கட்டியிருக்கார் பாருங்க. அவர்தான் எங்கப்பா."

தர்சோனோ கண்ணை இறுக மூடிக்கொண்டான். அந்தக் கணத்தில் பந்து அவன் கால்களுக்கிடையே நைட்டிக்குள் புகுந்து பின்பக்கமாக வெளியேறியது. நான்காவது கோல். நிமிர்ந்தபோது ஹார்டிமான் கம்பத்துக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். தலை முதல் கால் வரை, மனு ஒன்றைப் படிப்பவர்போல, நிதானமாகப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தி, ரெண்டடி முன்னால வந்து நில்லுங்க. பின்னால நின்னா எல்லாம் உள்ளதான் போகும்."

தர்சோனோ நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்து நின்றான். அதற்குப் பிறகு கோல் போகவில்லை என்று வடசந்தும், ஒன்று போயிற்று என்று தென்சந்தும் இன்றுவரை சொல்கின்றன. வானம் வெளுத்தது, கொடி படபடத்தது, அகப்பைக் கையனின் ரோஜா உதடுகள் விரிந்தன, ஏழு அவதாரம் எடுத்த காற்றுக் கடவுள், எட்டாம் அவதாரத்துக்கு எந்தக் கடைச் சுவரில் எந்த நிறம் பூசிக்கொள்வது என்று நினைத்தவாறே அந்தத் திடலைக் கடந்து போனார்.

மறுநாள் காலை சுலாஸ்மி சிவப்பு மட்டையை எடுத்து மெத்தையைத் தட்டினாள்.