பிளாகார்டும் பதினோரு வாளியும்

எந்தச் சொல்லைக் கேட்டாலும் அது பிறந்த ஊரைச் சொல்லும் ஜாதி ஒன்று உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். நெல்லித்தோப்பில் அவர் பெயர் சூசைநாதன்.

பூட்டிய வீட்டு வாசலில் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு நின்று, "ஏங்க, சாவி?" என்று கேட்பார் மனைவி லூர்துசெல்வி. "சாவியா? அது போர்ச்சுகீசியச் சொல்லாச்சே!" என்று மலர்வார் இவர்.

"எங்கேர்ந்து வந்தா இன்னா? இப்ப எங்க இருக்குது?"

அது மட்டும் அவருக்குத் தெரியாது.

இவர் மகள் மெரினுக்கு உழவர்கரை மண்டபத்தில் நிச்சயதார்த்தம். முதல் பந்தி முடிந்து, இரண்டாம் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் நூற்றைம்பது பேர் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பரிமாறும் வாளிகள் பதினொன்றையும் பின்கட்டில் சமையல் ஆட்களோடு வந்த கன்னியம்மாள் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து, வாசலை மறித்து பைக் நிறுத்திய பையன்களைத் திட்டிக்கொண்டே அங்கே கை கழுவ வந்தார் மாப்பிள்ளையின் பெரியப்பா.

"பிளாகார்ட்ஸ்!"

பக்கத்தில் நின்ற சூசைநாதன் விடுவாரா? "போக்கிரின்னுதான அர்த்தம் நெனச்சீங்க? ஆதியில அப்படி இல்லீங்க. இங்கிலாந்துல பெரிய மாளிகைங்க அடுப்படியில கரிச்சட்டி தேய்ச்சிட்டு, எஜமான் ஊருக்குப் போனா சட்டிபானைய ஏத்திக்கிட்டுப் பின்னாலயே போன ஆளுங்க. அவங்கள பிளாக் கார்ட், அதாவது கறுப்புக் காவல்படைன்னு கேலி பண்ணாங்க. அப்புறம் அதுவே போக்கிரின்னு ஆயிடுச்சி!"

கம்பிநார் நின்றது.

"அப்ப பாத்திரம் தேய்க்கிறவங்கதான் போக்கிரியா சார்?"

புத்தியுள்ளவனாக இருந்தால் "இல்லம்மா" என்று சொல்லியிருப்பான். "நான் சொல்லலம்மா, வரலாறு சொல்லுது" என்றார் சூசைநாதன்.

கன்னியம்மாள் கையைக் கழுவிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் புருஷன், சமையல் மாஸ்டர் பக்கிரி, பிரியாணி அண்டாவை மூடி அதன்மேல் கரண்டியை வைத்தார். பந்தியில் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது. பெண் கொடுக்கிற இடத்தில் இலை போட்டுக் காயவைத்தார்கள் என்ற பேச்சு பேரன் பேத்தி காலம் வரைக்கும் ஓயாது என்பது உங்களுக்கே தெரியும்.

சூசைநாதனுக்கு வேர்த்துவிட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். "மன்னிப்புங்கிற சொல் இருக்கே..." என்று வந்தது.

"ஏங்க," என்றார் லூர்துசெல்வி, பல்லைக் கடித்துக்கொண்டு. "வேட்டிய மடிச்சிக் கட்டுங்க."

கட்டினார். குந்தினார். பட்டுக்கரை வேட்டியில் சாம்பார் தெறிக்க முதல் வாளியைத் தேய்த்தார், இரண்டாவதைத் தேய்த்தார். சம்பந்தியம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கன்னியம்மாள் இடுப்பில் கைவைத்து மேற்பார்வை பார்த்தாள்.

"அடியில மசாலா ஒட்டியிருக்குது பாருங்க. இப்ப இன்னா சார் சொல்லுது வரலாறு?"

சூசைநாதன் வரலாற்றை விட்டுவிட்டு மசாலாவைச் சுரண்டினார். மூன்றாவது வாளியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "தள்ளுங்க சார். நீங்க தேய்ச்சி முடிக்கிறதுக்குள்ள பொண்ணுக்குக் கொழந்த பொறந்துடும்" என்று கம்பிநாரைப் பிடுங்கிக்கொண்டாள். அண்டா திறந்தது, மானம் தப்பியது.

பாவம் சூசைநாதன் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்தக் கதையை மூடி வைத்ததும் பக்கத்தில் இருப்பவரைத் தட்டி, "பிளாகார்டுன்னா முதல்ல என்ன அர்த்தம் தெரியுமா?" என்று கேட்க நாக்கு துறுதுறுக்கிறதே, அதைக் கொஞ்சம் கவனியுங்கள். எதற்கும் கேட்கும்முன் உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.